விவரத்தாளோடு படகு தேடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர், ஜொகூர், பினாங்குப் பக்கத்திலிருந்து முதல் பாய்மரப் படகு வாங்கக் கிளம்பியிருக்கும் நண்பர்களே,

நான்கைந்து பேர் கூட்டாகப் பணம் போட்டு, லங்காவியிலோ புக்கெட்டிலோ விற்பனைக்கு நிற்கும் பழைய படகு ஒன்றை வாங்க வேண்டும். மலாக்கா நீரிணையில் கை பழக வேண்டும். பிறகு ஒரு தை மாதத்தில் வடகிழக்குக் காற்றைப் பிடித்து அந்தமான் கடலைக் கடந்து இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரம் போட வேண்டும். உங்களில் பலருக்கும் இருக்கும் ஆசை இது. நல்ல ஆசைதான். ஆனால் படகைப் பற்றிப் பேச்சு எழும்போது உங்களிடமிருந்து வரும் கேள்விகள் மூன்றுதான்: எத்தனை அடி? எத்தனை நாட் வேகம் போகும்? எத்தனை அறை?

இந்த மூன்றுக்கும் பதில் விவரத்தாளின் முதல் வரியிலேயே இருக்கும். வாங்குபவர் எதைக் கேட்பார் என்று விற்பவருக்குத் தெரியும். உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும் எண்களோ அதே தாளில் கீழே, சின்ன எழுத்தில் இருக்கின்றன: நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்), எடை, பாயின் பரப்பு, படகின் அடியில் இறங்கும் கீலில் உள்ள பாரம், அமிழும் ஆழம். இவற்றில் எதையும் தனியே படித்துப் பயனில்லை. ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். வகுப்பதற்கு முன் உங்கள் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வந்த விடையை, நீங்கள் ஓடப்போகும் கடலின் காற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இரண்டு படகுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 32 அடி. இரண்டும் 1970-களில் பேர் பெற்றவை. இரண்டும் இன்றும் பழைய படகுச் சந்தையில் கைமாறிக்கொண்டிருப்பவை.

முதலாவது கான்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்தது. இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டியது. நீர்க்கோட்டு நீளம் 24 அடி, அகலம் ஒன்பதரை அடி, எடை 4.3 டன். இரண்டாவது வெஸ்ட்செயில் 32. பழைய வரைபடம் ஒன்றைத் திருத்தி வில்லியம் க்ரீலாக் உருவாக்கிய அமெரிக்கப் படகு. நீர்க்கோட்டு நீளம் இருபத்தேழரை அடி, அகலம் 11 அடி, எடை ஏறத்தாழ 8.8 டன். அணியம் முதல் அமரம் வரை ஒரே நீளம். எடையில் இரண்டுக்கு ஒன்று. '32 அடிப் படகு' என்று சொல்லும்போது நாம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறோம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். நீரைப் பிளந்துகொண்டு போகும் படகு ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டும்போது அணியம் ஒரு முகட்டிலும் அமரம் அடுத்த முகட்டிலுமாகப் படகு மாட்டிக்கொள்ளும். அதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால், தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏற வேண்டும். கனமான படகுக்கு அது ஆகாத காரியம். 1870-களில் இங்கிலாந்தின் டார்கீ நகரில் நீர்த்தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்து அளந்த வில்லியம் ஃப்ரூடின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த அறிவு இது. நாம் பயன்படுத்தும் சுருக்கக் கணக்கு எளிது: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். கான்டெஸ்ஸாவுக்கு 6.6. வெஸ்ட்செயிலுக்கு 7.

ஆக, தாளில் பார்த்தால் இரண்டு மடங்கு கனமான படகே வேகமானது! இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த 7 நாட் என்பது படகின் கூரை. அது அன்றாடம் நடமாடும் தரை அல்ல. கூரையைத் தொடப் போதிய காற்று வேண்டும், அந்தக் காற்றை வாங்கப் போதிய பாய் வேண்டும். மும்பையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 'சுஹைலி'யை எண்ணிப் பாருங்கள். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்திலிருந்து அதில் தனியே புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அந்தப் படகின் நீர்க்கோட்டு நீளம் 28 அடி. கணக்குப்படி உச்ச வேகம் 7 நாட்டுக்குச் சற்று மேல். பயணம் முழுவதற்குமான சராசரி 4 நாட்தான். அந்தப் பயணம் ஒரு போட்டி; அதில் புறப்பட்ட ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவரும் அவர் ஒருவரே. சுஹைலியும் வெஸ்ட்செயிலும் நெருங்கிய உறவு: வில்லியம் ஆட்கினின் 'எரிக்' என்ற ஒரே வரைபடத்திலிருந்து வந்தவை.

நீங்களும் பயணத் திட்டத்தில் 7 நாட் என்று எழுதாதீர்கள். லங்காவியிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். சராசரி 5 நாட் என்று வைத்தால் பத்து நாள், 4 நாட் என்றால் பன்னிரண்டரை நாள். தண்ணீரையும் அரிசியையும் பன்னிரண்டரைக்குக் கணக்கிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. எடையை நீர்க்கோட்டு நீளத்தோடு ஒப்பிடும் விகிதம் ஒன்று உண்டு: எடையை 2,240 பவுண்டு கொண்ட பெரிய டன்னில் எடுத்து, நீர்க்கோட்டு அடியில் நூறில் ஒரு பங்கின் கனத்தால் வகுக்க வேண்டும். விடை 200-க்குக் கீழே என்றால் இலகுவான படகு. 200 முதல் 300 வரை நடுத்தரம். 300-ஐத் தாண்டினால் கனம். 400-ஐத் தாண்டினால் மிகக் கனம். கான்டெஸ்ஸாவுக்கு 307, வெஸ்ட்செயிலுக்கு 419 வரும். இன்று தொழிற்சாலைகளிலிருந்து வரும் பயணப் படகுகளில் பல 200-க்குக் கீழேயே இருக்கின்றன.

கனம் ஒரு குறையல்ல. கனமான படகு அலையில் துள்ளாது, மெல்ல எழுந்து மெல்ல இறங்கும். அடுப்பில் உலை வைக்கலாம், படுத்தால் தூங்கலாம். டெட் ப்ரூவர் என்ற படகு வடிவமைப்பாளர் பாதி விளையாட்டாக உருவாக்கிய 'அசைவுச் சுக' எண்ணில் கான்டெஸ்ஸாவுக்கு 27-ஐ ஒட்டியும் வெஸ்ட்செயிலுக்கு 42-ஐ ஒட்டியும் வருகிறது. அந்த வித்தியாசத்தை வயிறு உணரும். ஆனால் கனத்தை நகர்த்தப் பாய் வேண்டும். அதைச் சொல்வது மூன்றாவது விகிதம்: பாயின் பரப்பை, படகு ஒதுக்கும் நீரின் கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுப்பது. 15-க்குக் கீழே வந்தால் மெல்லிய காற்றில் இன்ஜினைத் தேடுவீர்கள். 15 முதல் 18 வரை சாதாரணப் பயணப் படகு. 18-க்கு மேல் சுறுசுறுப்பு. 22-ஐத் தாண்டினால் பந்தயக் குணம். வெஸ்ட்செயிலின் 629 சதுர அடிப் பாய்க்கு இது 14-ஐ ஒட்டி வருகிறது. கான்டெஸ்ஸாவின் எடை பாதிதான், ஆனால் பாயின் பரப்பு பாதியாகக் குறையவில்லை. மெல்லிய காற்றில் எது முதலில் நகரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விகிதத்தைப் பார்க்கும்போது பாய் எப்படி அளக்கப்பட்டது என்றும் கேளுங்கள். பெரும்பாயோடு, பாய்மரத்துக்கு முன்னுள்ள முக்கோண இடத்தின் பரப்பை மட்டும் கூட்டியிருக்கிறார்களா, அல்லது பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாயையும் சேர்த்துவிட்டார்களா? ஒரே படகு இந்த அளவை மாற்றத்தாலேயே இரண்டு மூன்று புள்ளி கூடிவிடும்.

இனி உங்கள் கடல். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெல்லியது, நாளெல்லாம் திசை மாறுவது. அங்கே 14 விகிதப் படகு வைத்திருப்பவர் டீசல் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பார். அதே நீரிணையில் தென்மேற்குப் பருவக்காலத்தில் விடியலுக்கு முன் 'சுமாத்ரா' என்று மாலுமிகள் அழைக்கும் இடிப்புயல் திடீரென்று பாயும். அப்போது பாயை விரைந்து சுருக்க முடிகிற படகு வேண்டும். எனவே அங்கே தேவை, நிறையப் பாயும் அதை எளிதாகச் சுருக்கும் ஏற்பாடும். அந்தமான் கடலில் தை, மாசி மாதங்களில் வடகிழக்குக் காற்று நிதானமாக, பெரும்பாலும் பக்கவாட்டிலோ பின்னிருந்தோ வரும். நடுத்தரக் கனமுள்ள படகுக்குத் திருவிழாக் காலம் அது. தென்கடல்களின் பேரலைக்காக வரையப்பட்ட படகை வாங்கி ஜொகூர் நீரிணையில் நிறுத்திவைத்தால் தவறு படகுடையது அல்ல.

இப்போது பலரும் போடாத கணக்கு ஒன்று. விவரத்தாளில் உள்ள எடை பெரும்பாலும் காலிப் படகின் எடை. நீங்கள் ஓட்டப்போவது காலிப் படகை அல்ல. ஒரு கற்பனைப் படகை வைத்துப் பார்ப்போம்: 38 அடி, நீர்க்கோட்டு நீளம் 10.4 மீட்டர், காலி எடை 7 டன், பாய் 70 சதுர மீட்டர். விகிதங்கள் அழகாக வருகின்றன: எடை விகிதம் 173, பாய் விகிதம் 19.4. சுறுசுறுப்பான இலகுப் படகு. இனி ஏற்றுங்கள். தண்ணீர் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. டீசல் 200 லிட்டருக்கு 170 கிலோ. பத்து மில்லிமீட்டர்ச் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ, 80 மீட்டருக்கு 180 கிலோவைத் தாண்டும். நான்கு பேரும் அவர்களது மூட்டைகளும் 400 கிலோ. சோறு, பருப்பு, எரிவாயு, உயிர்காப்புத் தெப்பம், ரப்பர்ப் படகு, அதன் மோட்டார், கூடுதல் பேட்டரி, சூரியத் தகடு, கருவிப்பெட்டி. ஒன்றரை டன் எங்கே போனதென்று தெரியாது.

எடை எட்டரை டன் ஆனதும் எடை விகிதம் 211, பாய் விகிதம் 17.1. வாங்கியது ஒரு படகு, ஓட்டுவது வேறொரு படகு. உடலும் ஆறு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்திருக்கும். கனமான பழைய வகைப் படகு ஒன்றரை டன்னை அவ்வளவாகப் பொருட்படுத்தாது; ஏனென்றால் அதன் சொந்த எடையில் அது சிறு பங்கு. இலகுவான படகுக்கோ அது பெரும் பங்கு. நெடும்பயணம் போகிறவர் இலகுப் படகு வாங்கலாம், ஆனால் இலகுவாக வாழவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பழைய படகைப் பார்க்கப் போனால் நீர்க்கோட்டில் தீட்டிய வண்ணப் பட்டையைக் கவனியுங்கள். ஆண்டுக்காண்டு சாமான் சேரச் சேரப் படகு அமிழும். உரிமையாளர் பட்டையை மேலே மேலே ஏற்றித் தீட்டியிருப்பார். பழைய பட்டையின் தடம் கீழே தெரிந்தால், விவரத்தாள் சொல்லாத எடையை அது சொல்லிவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. 1979 ஆகஸ்ட்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. அயர்லாந்துக் கடலோரப் புயலில் சிக்கி 85 மட்டுமே முடித்தன. பந்தயப் படகுகளில் இருந்தோரில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: 'அசென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32. படகு வடிவமைப்பு உலகம் 'கவிழ்ந்தால் நிமிருமா' என்ற கேள்வியைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அந்தச் சோகத்துக்குப் பின் அமெரிக்காவில் பிறந்த சுருக்கக் கணக்கு ஒன்றை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள்: படகின் அகலத்தை, அது ஒதுக்கும் நீரின் கன அளவின் கனமூலத்தால் வகுப்பது. 2-க்குக் கீழே வந்தால் கடலுக்கு ஏற்றது என்பார்கள். கான்டெஸ்ஸா 1.8, வெஸ்ட்செயில் 1.6. இந்த எண்ணை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீலில் உள்ள ஈயத்தை எல்லாம் கழற்றிப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் இந்தக் கணக்கின் விடை மாறாது. பாரம் எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

கேட்க வேண்டியது நிமிர்திறன் வளைகோடு. படகை ஒவ்வொரு பாகையாகச் சாய்த்தால் அதை நிமிர்த்தும் விசை எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. எந்தப் பாகையில் அந்த விசை பூச்சியமாகிறதோ அதற்கு மேல் சாய்ந்தால் படகு தலைகீழாகவே போகும். கான்டெஸ்ஸாவுக்கு அந்தக் கோணம் 150 பாகைக்கு மேல். காரணம், எடையில் 47 விழுக்காடு கீலில் இருப்பதும் குறுகிய உடலும். அகலமான இன்றைய படகுகளில் பல 110 முதல் 130 பாகைக்குள் நிற்கின்றன. அகலம் தொடக்கத்தில் நல்ல உறுதி தரும். துறையில் ஏறி நின்றால் அசையாது. ஆனால் முழுக்கக் கவிழ்ந்துவிட்டால் அதே அகலம் அதைத் தலைகீழாகவும் உறுதியாக நிற்க வைக்கும். ஐரோப்பாவில் கட்டிய படகில் 'ஏ' பிரிவு என்ற முத்திரை இருந்தால், காற்றின் வலிமை அளவுகோலில் எட்டாம் எண் காற்றையும் 4 மீட்டர் அலையையும் தாண்டிய நிலைக்கு வடிவமைத்தது என்று பொருள். அது தேர்ச்சி மதிப்பெண்தான். வளைகோட்டைப் பார்த்தால்தான் ஒரு படகு அதில் விளிம்பில் தேறியதா, நிறைவாகத் தேறியதா என்று தெரியும்.

கனமான படகின் பக்கமும் ஒரு சாட்சி உண்டு. 1991 அக்டோபர் இறுதியில் அட்லான்டிக்கில் அடித்த பெரும்புயலில் 'சட்டோரி' என்ற வெஸ்ட்செயில் 32-இலிருந்து மூவரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாமல் விடப்பட்ட அந்தப் படகு மூழ்கவில்லை. தானே மிதந்து போய் மேரிலாந்துக் கரையில் ஒதுங்கியது. மெதுவான படகு என்று கேலி செய்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீலைப் பற்றி இரண்டு வார்த்தை. வெஸ்ட்செயிலுக்கு உடலோடு ஒட்டி நீளமாக ஓடும் கீல். விட்ட திசையில் நேராகப் போகும், கயிறும் வலையும் சிக்குவது குறைவு, ஆனால் திரும்பச் சோம்பும், துறையில் பின்னோக்கி ஓட்டினால் பொறுமையைச் சோதிக்கும். துடுப்புபோல் ஆழமாக இறங்கும் குறுங்கீல் காற்றை எதிர்த்து ஏறுவதில் கெட்டி. நேர் எதிர்க்காற்றில் 20 கடல் மைல் போக வேண்டும் என்று வையுங்கள். காற்றுக்கு 45 பாகையில் ஏறும் படகு குறுக்கும் நெடுக்குமாக 28 மைல் ஓடினால் போதும். 55 பாகையில் ஏறும் படகு 35 மைல் ஓட வேண்டும். ஒரே 5 நாட் வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். விவரத்தாளில் இந்தக் கோணம் இருக்காது.

ஆழமான கீலுக்கும் விலை உண்டு. ஆற்று முகங்களிலும் சேற்றுத் துறைகளிலும் ஒதுங்க முடியாது. காலிக்குப் போன கையோடு மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குள் நுழைந்து ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கலாம் என்று கனவு காண்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். பெரிய கப்பல்களே அந்த மணல்திட்டுகளுக்கு அஞ்சி இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன; 2 மீட்டர் கீல் உள்ள படகும் அந்தக் குறுக்குவழியை மறந்துவிட வேண்டியதுதான்.

எந்த விகிதமும் காட்டாத ஒன்றும் இருக்கிறது: படகின் இன்றைய உடல்நிலை. 2014 மே மாதம் அன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபீக்கி' என்ற 40 அடிப் படகு அட்லான்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேரும் போய்விட்டார்கள். அது முன்பு தரைதட்டியதும் பழுது பார்க்கப்பட்டதும் கீலின் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை. நிமிர்திறன் வளைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் கீல் இருக்கும்வரைதான் அது செல்லும்.

ஆகவே, நண்பர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். போகும் கடல், மாதம், ஆட்கள், அதிகபட்ச நாட்கள் ஆகிய நான்கையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் சாமான்களின் எடையைக் கூட்டி, காலி எடையோடு சேர்த்து, விகிதங்களை நீங்களே மறுபடி போடுங்கள். நிமிர்திறன் வளைகோட்டை விற்பவரிடமோ வடிவமைப்பாளரிடமோ கேட்டு வாங்குங்கள். படகு தரைதட்டியதுண்டா, கீல் போல்ட்டுகளை எப்போது பார்த்தார்கள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன என்று எழுத்தில் பதில் பெறுங்கள். படகை நீரிலிருந்து தூக்கி, விற்பவருக்குக் கட்டுப்படாத மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, 8 நாட் காற்று மட்டுமே வீசும் ஒரு சோம்பலான நாளில், இன்ஜினை அணைத்துவிட்டு, காற்றை எதிர்த்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நல்ல காற்றில் எல்லாப் படகும் நல்ல படகுதான்.

இவை முடிந்த பிறகு அறைகளை எண்ணுங்கள். விலைப் பேச்சு அதற்கும் பிறகு.

அன்புடன்,
உங்களைப் போலவே விவரத்தாள் படிக்கும் ஒரு பாய்மரப் பயணி